இருமலையும் நீக்காதீர்கள்



நோத்ர-டாம்-த-கிரேஸில், முன்னர் இயேசு சபைக் கல்லூரியாயிருந்த லொயோலா வளாகத்தில், ஒஸ்கார் பீற்றர்சனின் பெயர் தாங்கிய இசையரங்கு ஒன்று உண்டு. 105ஆம் இலக்கப் பேருந்தில் அதனைக் கடந்தே உங்களுட் பலர் வேலைக்குச் செல்கிறீர்கள். 1925ஆம் ஆண்டு, அன்னையின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15இல், இதே மொன்றியலில் பிறந்தவர் அவர். தந்தையார் கரீபியத் தீவிலிருந்து வந்து, தொடருந்துப் பயணிகளுக்குப் பணிவிடை செய்து பிழைத்தவர்.

1956 ஆகஸ்டில் ஒன்ராறியோவின் ஸ்ராற்போர்ட் விழாவில் அவர் வாசித்த பியானோ இசை, அவையோர் முன்னிலையிலேயே பதிவுசெய்யப்பட்டது. கிற்றாரில் ஹேர்ப் எலிஸ், பேஸில் ரே பிறவுண், முரசு இல்லை. இத்தவக்காலத்தில் அதனைப் பலமுறை கேட்டேன். ஜாஸ் இசையின் பெரும்பகுதி அந்தந்தக் கணத்தில் பிறப்பது. ஒருவர் தொடங்குவதை மற்றவர் செவிமடுத்தே பதிலளிக்கிறார். அவையின் முன் தவறினால் நிறுத்தி மீண்டும் தொடங்க வழியில்லை. வாசிக்கையில் தமக்குள் முனகுவது பீற்றர்சனின் வழக்கம்; அதனையும் ஒருவரும் அழிக்கவில்லை.

கேட்கக் கேட்க என் மனச்சான்று குத்தியது. சென்ற பெரிய வெள்ளியன்று, நம் தாய்மார் பாடும் வியாகுலப் புலம்பலை நிறுத்தி, ஒலிக்கூடத்தில் செப்பமாகப் பதிவுசெய்த பாடலை ஒலிபெருக்கியில் இடச் சொன்னவன் நான். குரல்கள் நடுங்குகின்றன, சுருதி விலகுகிறது என்பதே காரணம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒருவரும் அழவில்லை.

வழிபாட்டின் பின் ஒரு தாயார் வந்தார். அவருடைய இசைவுடனேயே இதனை எழுதுகிறேன்.

"பாட்டு நல்லாத்தான் இருந்தது, சுவாமி. ஆனா, ஆர் செத்தது எண்டு அதுக்குத் தெரியேல்லை."

சிரித்துச் சமாளித்தேன். முள்ளிவாய்க்காலில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். இத்தனை ஆண்டுகளாக மாதாவின் புலம்பலை அவர் யாருக்காகப் பாடினார் என்று நான் கேட்டதேயில்லை.

பதிவு செய்வதால் மட்டும் இசை உயிரிழப்பதில்லை. 1956இல் அந்த அரங்கிலிருந்தோரின் கைதட்டலை இன்றும் கேட்கிறோம். நான் ஒலிக்கச் செய்த பாடலில் பிழை எதுவும் இல்லை. நம்மவர் ஒருவரும் அதில் இல்லை என்பதே குறை.

இவ்வாண்டு தாய்மாரே பாடுவார்கள். இளையோரே, கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். இருமலையும் குழந்தையின் அழுகையையும் நீக்கிவிடாதீர்கள். நாளை உங்கள் பிள்ளைகள் தம் அம்மம்மாவை அதில்தான் தேடுவார்கள்.

அத்தாயாரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

"தொண்டை அடைச்சுக் கிடக்கு, சுவாமி" என்றார்.

அப்படியே பாடுங்கள் என்றேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை