ஜன்பத்தில் ஒரு ‘பார்த்தோம்’ மாளிகை

டெல்லிக்குப் போகிற தமிழன் குதுப்மினாரைப் பார்ப்பான், செங்கோட்டையைப் பார்ப்பான், கரோல்பாக்கில் ஸ்வெட்டருக்குப் பேரம் பேசுவான். கொஞ்சம் விவரமானவனாக இருந்தால் ஜன்பத் நேஷனல் மியூசியத்துக்குப் போய் மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பார்ப்பான். அரைச் சாண் வெண்கலப் பொம்மை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு நாலாயிரத்துச் சொச்சம் வருஷமாக எதுவும் சொல்லாமல் நிற்கிறாள்.

அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில், அதே ஜன்பத்தில் ஜவஹர்லால் நேரு பவன். வெளியுறவு அமைச்சகத்துக்காக 2011-ல் திறந்த கட்டடம். 2018 பிப்ரவரியில் நான் போனபோது, வாராவாரம் அங்கே ஒருத்தர் கேமராக்களுக்கு முன்னால் நின்று, நிறையப் பேசி, எதுவும் சொல்லாமல் இருந்தார். பொம்மை வேலையைவிட இது கஷ்டம்.

பதவியின் பெயர் அதிகாரபூர்வ செய்தித் தொடர்பாளர். ஐ.எஃப்.எஸ். அதிகாரி. மைக் முன்னால் அவருக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று கிடையாது. சீனாவுக்கு ஒரு பிரிவு, பாகிஸ்தானுக்கு ஒரு பிரிவு, இலங்கைக்கு ஒரு பிரிவு என்று உள்ளே இருப்பவர்கள் எழுதிக் கொடுத்து, மேலே இருப்பவர்கள் தலையாட்டிய வாக்கியம்தான் வெளியே வரும். ஒரு கமாவைக்கூட அவர் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது.

என்னிடம் நிருபர் அடையாள அட்டை இல்லை. ‘ஃப்ரீலான்ஸ்’ என்றதும் வாசலில் இருந்த காவலர் பார்த்த பார்வை இருக்கிறதே... பெண் பார்க்கப் போன வீட்டில் ‘சொந்தமா எழுதறேன்’ என்றபோது கிடைத்த அதே பார்வை. என்னோடு வந்த நெல்லைக்கார நிருபர் அண்ணாச்சி உள்ளே போனார். நான் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் செல்போனில் பார்த்தேன்.

வெளியே வந்த அண்ணாச்சி டீயை ஊதிக்கொண்டே பாடம் எடுத்தார்.

“தம்பி, வினைச்சொல்லை மட்டும் பாருங்க. ‘செய்திகளைப் பார்த்தோம்’னா இன்னும் வாயைத் திறக்கப் போறதில்லைன்னு அர்த்தம். ‘கவனிச்சுட்டு வர்றோம்’னா ஃபைல் ஓபன் ஆயாச்சு. ‘கவலை’ன்னா அந்த நாட்டுத் தூதரைக் கூப்பிடலாமான்னு யோசிக்கிறாங்க. ‘ஆழ்ந்த கவலை’ன்னா கூப்பிட்டாச்சு. ‘நிராகரிக்கிறோம்’னா சண்டைதான்.”

நமக்கு இது புதுசா என்ன? இன்க்ரிமென்ட் கேட்டால் மானேஜர் ‘பார்க்கலாம்’ என்கிறார். பெண் வீட்டார் ‘ஜாதகம் பார்த்துட்டுச் சொல்றோம்’ என்கிறார்கள். அர்த்தம் புரியாமலா வாசலில் செருப்பை மாட்டுகிறோம்?

ஆக்ராவுக்கு தாஜ்மகால் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். 2001 ஜூலையில் வாஜ்பாயும் முஷாரப்பும் அங்கே பேசினார்கள். கூட்டறிக்கை இப்போது வரும், அப்போது வரும் என்று பத்திரிகைக்காரர்கள் பழி கிடந்தார்கள். 16-ம் தேதி ராத்திரி நிருபமா ராவ் வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. பயணம் தொடங்கியிருக்கிறது, ஆனால் ஒப்புக்கொண்ட கூட்டறிக்கை என்ற இலக்கை எட்டவில்லை என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார். உச்சி மாநாடு தோற்றது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். அண்ணாச்சி விடவில்லை.

2014-ல் இராக்கின் திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸுகள் மாட்டிக்கொண்டார்கள். கேரளப் பெண்கள், ஒருத்தர் நம் தூத்துக்குடி. ஊரைப் பிடித்த ஐ.எஸ். ஆட்கள் அவர்களை மோசூலுக்குக் கொண்டுபோனார்கள். யாரோடு பேச்சுவார்த்தை, எந்த வழியாக மீட்பு என்று டெல்லியில் ஒரு வார்த்தை தவறி விழுந்திருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ. அன்றைய தொடர்பாளர் சையத் அக்பருதீன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஜூலை 5-ம் தேதி விமானம் கொச்சியில் இறங்கியது. அந்த மௌனத்துக்கு ஒரு சல்யூட்.

அதே ஜூன் மாதம், அதே மோசூலில் பஞ்சாப், பீகார், இமாசலம், வங்காளம் என்று பல ஊர்க் கட்டடத் தொழிலாளிகள் 39 பேர் காணாமல் போனார்கள். தப்பி வந்த ஒருவர், மற்றவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றார். அரசு அதை ஏற்கவில்லை. அக்பருதீனுக்குப் பிறகு விகாஸ் ஸ்வரூப் வந்தார். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படமான நாவலை எழுதியவர். கதை எழுதத் தெரிந்தவர் என்றாலும், அந்த மைக்கில் கதை சொல்ல முடியாதே. பின்னாளில் ரவீஷ் குமார். “மூணு பேர் மாறிட்டாங்க தம்பி, கேள்வி மாறலை” என்றார் அண்ணாச்சி.

நான் பி.காம். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடக்கூடாது என்று படித்தவன். வராத கடனைக்கூட ஆதாரம் இல்லாமல் எழுதித் தள்ளக்கூடாது. ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்துவிட்டார் என்று அறிவிப்பது பாவம் என்று 2017-ல் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் சொன்னார். சரியான பேச்சுதான். ஆனால் லெட்ஜரில் நிற்பது கடன் இல்லையே, குர்தாஸ்பூர் பக்கம் ஒரு வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பதா வேண்டாமா என்ற குழப்பம். நல்ல செய்தியையும் பெரிய கெட்ட செய்தியையும் அமைச்சர் சொல்லிவிடுவார். நடுவில் இருக்கிற நாலு வருஷம்தான் தொடர்பாளருக்கு.

நான் ஊர் திரும்பிய அடுத்த மாதமே, 2018 மார்ச் 20 அன்று சுஷ்மா மாநிலங்களவையில் எழுந்தார். மோசூலுக்குப் பக்கத்தில் பாதூஷில் தோண்டி எடுத்த உடல்கள், டி.என்.ஏ. பரிசோதனை, 39 பேரும் உயிரோடு இல்லை. பல குடும்பங்கள் இதை டி.வி.யில்தான் தெரிந்துகொண்டன. முதலில் சபைக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது முறை என்றார் அமைச்சர். முறை இருக்கட்டும். நாலு வருஷம் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்த்த அமைச்சகத்தில், அன்று காலை 39 வீடுகளுக்குப் போன் போட ஒருத்தர் இல்லையா?

ஏப்ரல் 2-ம் தேதி அமிர்தசரஸில் இறங்கிய விமானத்தில் 38 பெட்டிகள் வந்தன. ஒருவரின் டி.என்.ஏ. முழுசாகப் பொருந்தவில்லை என்று அந்தப் பெட்டியை மட்டும் இராக்கிலேயே நிறுத்தி வைத்தார்கள்.