பத்து என்னும் சொல்

மைக்கேல் ஜோர்டனின் 'ரூக்கி' அட்டை அரிய பொருளன்று. 1986-87 பருவத்துக்கு ஃபிளீர் நிறுவனம் அச்சிட்ட 132 கூடைப்பந்து அட்டைகளுள் அதன் எண் 57. அன்று அதன் பொட்டலங்கள் வாங்குவாரின்றிக் கடைகளில் தேங்கின. பிஎஸ்ஏ என்னும் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு மட்டும் இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் வந்துள்ளன. ஆயினும் 2021 ஜனவரியில், ஒரே ஏலத்தில், இரு பிரதிகள் தலா 7,38,000 டாலருக்கு விலைபோயின.

ஒரு பக்கத்தில் 'அது' இருபது முறை வந்தாலும் அகராதியில் அது ஒரே சொல். வகைக்கும் அதன் உருப்படிக்கும் உள்ள இவ்வேறுபாட்டைச் சார்ல்ஸ் பர்ஸ் வகுத்தார். அச்சிட்ட அட்டையும் அத்தகையதே. ஒரு பிரதிக்கு இன்னொன்று ஈடு. சிறுவர்கள் அவற்றைக் கைமாற்றிக்கொண்டதும் அதனால்தான்.

தரமதிப்பீடு இந்த ஈட்டைக் குலைக்கிறது. முனை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்த விதம் ஆகியவற்றை ஆராய்ந்து, ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் இட்டு, நெகிழி உறைக்குள் முத்திரையிட்டு, தனிச் சான்றெண்ணும் தருகிறார்கள். அக்கணத்தில் உருப்படி இயற்பெயர் பெற்றுவிடுகிறது. ஜோர்டன் அட்டைகளுள் பத்து பெற்றவை முந்நூறுக்குச் சற்றே மேல். ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாடு பல வேளைகளில் கண்ணுக்குப் புலப்படாது. விலையிலோ அது பன்மடங்கு. 'பத்து' வெறும் வருணனை என்றால், ஒன்பது பெற்றவர்கள் உறையை உடைத்து அதே அட்டையை மீண்டும் அனுப்பிப் பார்ப்பதேன்? ஆஸ்டின் கூறிய செயல்நிகழ்த்தும் கூற்று இது: சொன்னதும் ஆகிவிடுகிறது. ஆனதும் நிலைப்பதில்லை. அந்த ஏலத்தில் வாங்கியவர்கள், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே விலை மூன்றில் ஒரு பங்களவுக்குச் சரிந்ததைக் கண்டார்கள்.

பின்னர் நிறுவனங்களே அருமையை அச்சிடக் கற்றன. லெப்ரான் ஜேம்ஸின் 2003-04 எக்ஸ்க்விசிட் அட்டை, கையொப்பமும் சீருடைத் துண்டுமாக 99 பிரதிகளே வெளிவந்தது. அவற்றுள் ஒன்று 2021இல் 52 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தின் கதையே துயரமானது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹூப்ஸ் முதலிய நிறுவனங்கள் அட்டைகளை அளவின்றி அச்சிட்டன. பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் இதிலேயே தேறிவிடும் என்று நம்பிய அமெரிக்கப் பெற்றோர் பெட்டி பெட்டியாய் வாங்கி, பிரிக்காமலே பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எவருக்கும் அரிதாகவில்லை. டேவிட் ராபின்சன் போன்ற பெருவீரரின் 'ரூக்கி' அட்டையும் இவ்வெள்ளத்தில் அடங்கும். அதன் சாதாரணப் பிரதி ஒன்றின் விலை தரமதிப்பீட்டுக் கட்டணத்தைக்கூட எட்டாது.

அதே வெள்ளத்திலிருந்து 2018இல் ஓர் அட்டை கரையேறியது: 1990-91 ஹூப்ஸ் வரிசையின் மார்க் ஜாக்சன் அட்டை. 'ரூக்கி' அட்டைகூட அன்று. வீரரின் பின்னால், முன்வரிசைப் பார்வையாளர்களிடையே, பெற்றோரைக் கொன்றதற்காகப் பின்னாளில் தண்டனை பெற்ற மெனெண்டஸ் சகோதரர்கள் அமர்ந்திருந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் சில்லறை விலைக்கும் கேட்பாரற்றுக் கிடந்த அட்டையை அதன்பின் பலர் தேடி வாங்கினார்கள்.