பாலைவனம் போலாம்... மொதல்ல தண்ணிக் கணக்கைச் சொல்லு மச்சி!

நெய்வேலி டவுன்ஷிப் பசங்ககிட்ட 'டூர் எங்கேப்பா?'னு கேட்டுப் பாருங்க. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு... இதைத் தாண்டி வாயே திறக்க மாட்டாங்க. ஆனா, இந்த ஊருக்கு ஒரு பாலைவனத்தோட நேரடி சொந்தமே இருக்கு பாஸ்! ராஜஸ்தானில் பிகானேர் பக்கத்தில் பர்சிங்சர்னு ஒரு ஊர். அங்கேயும் மணலுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. தோண்டுறது யாரு? நம்ம என்.எல்.சி.தான்! கூடவே 250 மெகாவாட் அனல்மின் நிலையம். 'அப்பாவுக்கு பர்சிங்சர் டிரான்ஸ்ஃபர்' என்பது டவுன்ஷிப் வீடுகளுக்குப் பழகின வசனம்.

'அப்புறம் என்ன, இந்த லீவுக்குத் தார் பாலைவனம்தான். பத்து பேர், ரெண்டு நாள் நடை, மணல்மேட்டுல ஒரு ராத்திரி டென்ட்!' என்று ஒரு கேங் கிளம்பினால், பிளான் எங்கேயிருந்து ஆரம்பிக்கணும்? டிக்கெட்ல இருந்தா? கேமராவில் இருந்தா? ம்ஹூம்... குடிதண்ணியில் இருந்து!

நெய்வேலிக்காரங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம். ஏன்னா, இங்கே தண்ணிதான் சுரங்கத்துக்கே எதிரி. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது நிலத்தடி நீர். ராத்திரி பகலா பம்ப் பண்ணி வெளியேற்றினால்தான் தோண்டவே முடியும். இல்லேன்னா, அது பொத்துக்கிட்டு மேலே வந்துடும். பர்சிங்சர் கதை அப்படியே தலைகீழ். அங்கே மின் நிலையத்துக்கு வேண்டிய தண்ணி, பஞ்சாபில் கிளம்பி வரும் இந்திரா காந்தி கால்வாயில் இருந்து வருது. கிளைகளைச் சேர்க்காமலே அந்தக் கால்வாயின் நீளம் சுமார் 650 கிலோமீட்டர்!

சரி, கணக்குக்கு வருவோம். குளிர்காலத்தில் மணலில் நடக்கிற ஒருத்தருக்குக் குடிக்க, சமைக்க, அவசரத்துக்குனு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் வெச்சுக்கோங்க. பத்து பேர், ரெண்டு நாள்... மொத்தம் 120 லிட்டர். அதாவது 120 கிலோ! ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ தண்ணி, அதுக்கு மேல டென்ட், கம்பளி, அரிசி, பருப்பு... தூக்கிட்டு ஒரு மேடு ஏறிப் பாருங்க, தெரியும் சேதி. அதனால், ஒட்டக வண்டி ஒண்ணு பேசியே ஆகணும். வண்டியோடு வர்ற உள்ளூர் அண்ணன்தான் உங்க மேப், உங்க கடிகாரம், உங்க வானிலை அறிக்கை எல்லாமே. அவர் 'வேணாம்'னு சொன்னா, வேணாம்தான். அவருக்கும் சேர்த்துத் தண்ணி எடுத்து வைக்க மறந்துடாதீங்க!

சீசன், நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே மாசம் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க. ஜனவரியிலோ ராத்திரி பல்லு தந்தியடிக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். காலையில் சீக்கிரமா நடந்து, பதினொரு மணிக்குள் நிழலில் ஒதுங்கிடணும். சாயங்காலம் மறுபடி நடை. தார் ரோட்டில் ஒரு மணி நேரத்தில் போற தூரத்துக்கு மணலில் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. குரூப்பில் யார் மெதுவா நடப்பாங்களோ, அவங்க வேகம்தான் எல்லோருக்கும் வேகம். 'முடியலைடா'னு சொல்லக் கூச்சப்படுற ஒருத்தன் எந்த கேங்கிலும் இருப்பான். அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நீங்களே உட்கார்ந்துடுங்க.

'ஓவரா பயமுறுத்துறீங்களே'னு தோணுதா? 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் நம்ம வயசுக்காரங்க. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. காடோ, மணலோ... அனுமதி வாங்குவதும், எந்த வழியில் போறோம், எப்போ திரும்புறோம்னு ஊரில் ஒருத்தரிடம் எழுதிக் கொடுப்பதும் ஃபார்மாலிட்டி இல்லை. உங்களைத் தேடி வர்றவங்களுக்கு அதுதான் முதல் துப்பு. பிகானேர் மாவட்டம் பாகிஸ்தான் எல்லை வரை நீளுது. அதனால, எதுவரை போகலாம்னு அங்கே போலீஸில் கேட்டுக்கோங்க.

ஒதுங்க நிழல் எங்கே? அங்கே 'கேஜ்ரி'னு ஒரு மரம். வேற யாருமில்லை, நம்ம வன்னி மரம்தான்! பக்கத்து ஊர் விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம். 1730-ல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட வந்தபோது, கட்டிப்பிடித்து உயிர்விட்ட பிஷ்னோய் மக்கள் 363 பேர். கேம்ப் ஃபயருக்குனு அதில் ஒரு குச்சியை ஒடிச்சாக்கூடப் பாவம் மச்சி! விறகை ஊரிலேயே காசு கொடுத்து வாங்கிக்கோங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை. திருச்செந்தூர் பக்கம் செம்மண் மேடுகளா விரிஞ்சு கிடக்கிற தேரிக்காடு, நம்ம தமிழ்நாட்டுக் குட்டிப் பாலைவனம். வனத்துறையிடம் கேட்டுக்கிட்டு, ஒரு பகல் மட்டும் மூட்டையோடு நடந்து பாருங்க. யாருக்கு ஷூ கடிக்குது, யாருக்கு மூச்சு வாங்குது... எல்லாம் தெரிஞ்சுடும். 'எதுக்கு அவ்ளோ தூரம்? சுரங்க மண்மேடே போதுமே'ங்கிறீங்களா? அது தடை செய்யப்பட்ட இடம். மண் சரியும், விளையாட்டு வேணாம்!

அதுக்கும் முன்னாடி வீட்டிலேயே ஒரு டெஸ்ட். ஒரு நாள் முழுக்கக் குடிக்க, சமைக்க ஆளுக்கு ஆறே லிட்டர் அளந்து வெச்சு ஓட்டிப் பாருங்க. டவுன்ஷிப்பைச் சுத்தியிருக்கிற கிராமங்களில் 'போர்ல தண்ணி கீழே போய்க்கிட்டே இருக்கு தம்பி'னு விவசாயிங்க புலம்புறது அன்னிக்குக் காதில் கொஞ்சம் சத்தமாவே கேட்கும். அதுக்கு ராஜஸ்தான் டிக்கெட்கூடத் தேவையில்லை!