எண்ணெயை எடைபோடும் எண்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் தரச் சோதனை

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள கடைகளில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், மூலிகைத் தைலம் ஆகியன அருகருகே விற்கப்பட்டாலும், மலேசியச் சட்டத்தின் பார்வையில் அவை ஒரே வகைப் பொருள்கள் அல்ல. சமையல் எண்ணெய் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்குள் அடங்க, நோய்க்கான தைலமும் கூந்தல் எண்ணெயும் 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைகளுக்கு உட்பட்டு, பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் மேற்பார்வையில் வருகின்றன. மரபு மருந்தை விற்பனைக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். அழகுசாதனத்துக்கோ, 2008 முதல், விற்கும் நிறுவனம் அறிவிப்புச் செய்து தரத்துக்குத் தானே பொறுப்பேற்கிறது.

ஆய்வகப் பணியாளர் முதலில் அறிய முற்படுவது எண்ணெய் கெட்டிருக்கிறதா என்பதையே. எடைபோட்ட எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து, பினாப்தலீன் என்னும் நிறங்காட்டியைச் சேர்த்து, குடுவையைச் சுழற்றியபடியே காரக் கரைசலைத் துளித்துளியாக இறக்கும் அவர், இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடமேனும் கலையாமல் நிற்கும் அளவைக் குறித்துக்கொள்கிறார். கொழுப்பு சிதைந்து பிரிந்த அமிலங்களை அளக்கும் இது அமில எண் எனப்படும். காற்றிலுள்ள ஆக்சிஜனால் எண்ணெய் காறத் தொடங்கியதைக் காட்டுவது பெராக்சைடு எண். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரத்தின்படி, கிலோவுக்கு மில்லி இணைமாற்று அளவில், இது சுத்திகரித்த எண்ணெயில் 10ஐயும் செக்கில் ஆட்டியது போன்ற குளிர்முறை எண்ணெயில் 15ஐயும் தாண்டலாகாது.

கெடாத எண்ணெய் கலப்படமற்றதாகவும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. செம்பனை விளையும் நாட்டில், தேங்காய் எண்ணெயைப் போலவே லாரிக் அமிலம் மிகுந்த செம்பனைக் கொட்டை எண்ணெய் எளிதில் கிடைப்பதால், இரண்டையும் பிரித்தறிவது நுட்பமான வேலையாகிறது. கொழுப்பு எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்பதைக் குறிக்கும் அயோடின் எண் தேங்காய் எண்ணெயில் 6.3 முதல் 10.6 வரையும், கொட்டை எண்ணெயில் 14.1 முதல் 21 வரையும் அமைகிறது; ஆயினும் அயோடின் எண் 8 உள்ள தேங்காய் எண்ணெயில், 18 உள்ள கொட்டை எண்ணெயை ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் கிடைப்பது 10 மட்டுமே என்பதால், அக்கலவை இந்தச் சோதனையில் தப்பிவிடுகிறது. ஆகவே கொழுப்பமிலங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பாய்வும் தேவைப்படுகிறது. நல்லெண்ணெய்க்குரிய பாடுவான் சோதனையில் தோன்றும் சிவப்பு நிறம் எள்ளெண்ணெய் இருப்பதை உணர்த்துமேயன்றி வேறெதுவும் கலக்கவில்லை என்று சான்று கூறாது; கூந்தல் எண்ணெயில் திரவப் பாரபின் கலந்திருப்பின், அது சோப்பாக மாறாததால் சோப்பாக்கல் எண் தாழ்ந்து காட்டிக்கொடுக்கிறது.

இவ்வெண்கள் யாவும் மாதிரி எடுப்பவரின் கையையே நம்பியுள்ளன. கிள்ளான் துறைமுகத்தின் தொட்டிகளில் கச்சா செம்பனை எண்ணெய் 32 முதல் 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்பட்டு, ஏற்றி இறக்குகையில் 50 முதல் 55 பாகைக்குச் சூடாக்கப்படுகிறது; ஆறினால் கெட்டிக் கொழுப்பு அடியில் படிந்துவிடும் என்பதால், தொட்டியின் மேல், நடு, அடி ஆகிய மூன்று நிலைகளிலிருந்தும் மாதிரி எடுக்கப்படுகிறது. மேற்பரப்பில் மட்டும் முகர்ந்தெடுத்த எண்ணெயை எவ்வளவு நுட்பமான கருவியில் இட்டாலும், வெளிவரும் எண் அந்தக் குவளைக்கே பொருந்தும், தொட்டிக்குப் பொருந்தாது. எனவே புட்டிமேல் அச்சிட்ட பதிவு எண்ணை மட்டும் கொண்டு தரத்தை முடிவு செய்ய இயலாது. முறையாக எடுத்த மாதிரியும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்த பல எண்களுமே அதற்கு அடிப்படையாகின்றன.