நாமுக்கும் நாங்களுக்கும் நடுவே ஒரு கோடு

விரிதாளில் ஒரு கட்டத்தின் விளிம்புக் கோட்டை மட்டும் நகலெடுத்து வேறொரு கட்டத்தில் ஒட்ட வழியுண்டா என்று புதிதாக ஆய்வில் சேர்ந்தோர் கேட்பதுண்டு. நேர்வழி இல்லை. எக்செலின் ஃபார்மேட் பெயிண்டர், அந்தத் தூரிகைப் பொத்தான், கோட்டோடு நிறம், எழுத்துரு, எண் வடிவம் அனைத்தையும் அள்ளிக்கொண்டு போகும். பேஸ்ட் ஸ்பெஷலில் ‘ஆல் எக்செப்ட் பார்டர்ஸ்’ என்று, கோடு நீங்கலாக மற்றவற்றை ஒட்டும் தெரிவு இருக்கிறது. கோட்டை மட்டும் ஒட்டுவதற்கு இல்லை. கூகுள் ஷீட்ஸிலும் இதே நிலைதான்.

மொழியியலாருக்கு இது அழகு பற்றிய சிக்கல் அன்று. மூவிடப்பெயர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். தமிழில் கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ வேறு, விலக்கும் ‘நாங்கள்’ வேறு. தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’. இக்காலக் கன்னடத்திலோ இரண்டிற்கும் ‘நாவு’ ஒன்றே. தமிழ் அட்டவணையில் அவ்விரு கட்டங்களின் நடுவே நிற்கும் கோடு ஓர் இலக்கணக் கூற்று. கன்னடத்திற்கும் அதை அப்படியே கொண்டுசென்றால், அம்மொழியில் இல்லாத வேறுபாட்டை ஓசையின்றி எழுதியவர்களாவோம்.

நிறம் இன்னும் நுட்பமானது. பேசுநர் தயங்கிச் சொன்ன வடிவத்திற்கு மஞ்சள் இடுவது கள ஆய்வில் பலரது வழக்கம். தூரிகையை ஓட்டினால் மஞ்சள் போய்விடும். ஒரு மனிதரின் தயக்கம் உறுதியாகிவிடும். சொல் மாறாதிருப்பதால் எவர் கண்ணிலும் படாது.

எனவே தலைகீழாகச் செய்கிறேன். கோடுகள் சரியாக அமைந்த அட்டவணையின் வடிவத்தை மட்டும் முதலில் வெற்றுத்தாளில் ஒட்டுகிறேன். கன்னடமெனில் அந்த நடுக்கோட்டை அங்கேயே நீக்கிவிடுகிறேன். (தெரியும் கோடு இடக் கட்டத்தின் வல விளிம்பா, வலக் கட்டத்தின் இட விளிம்பா என்பதைக் கண் அறியாது, இரு கட்டங்களையும் சேர்த்துத் தெரிவுசெய்து நீக்குவது நல்லது.) பிறகு தரவு அட்டவணையை நகலெடுத்து, அதன்மேல் ‘ஆல் எக்செப்ட் பார்டர்ஸ்’ முறையில் ஒட்டுகிறேன். கோடு முன்னதிலிருந்தும், சொல்லும் நிறமும் பின்னதிலிருந்தும் வந்து சேர்கின்றன.

ஆனால் கோப்பைச் சிஎஸ்வியாகச் சேமித்தால் கோடும் தங்காது, நிறமும் தங்காது. அதற்காகவே சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தனி நெடுவரிசை வைத்திருக்கிறேன். அதன் தலைப்பு ‘தயக்கம்’.