ஒன்றரை விநாடி

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, மாணவர் இசைக்குழு நிகழ்ச்சி ஒன்றில் ஒரு மணி நேரக் கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்தேன். பாடியவள் என்னைவிட இரண்டு ஆண்டு இளையவள். அவளுக்கு அதுதான் முதல் முழுக் கச்சேரி. நானோ எட்டு வயதில் மிருதங்கம் தொட்டவன். தேசிய சேவையில் போன இரண்டு வருடத்தைக் கழித்தாலும் பன்னிரண்டு வருடப் பழக்கம் இருந்தது. அன்றைக்கு யார் யாரைத் தாங்கியிருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் தாங்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீவக வீட்டில் மிருதங்கம் பழகுவது என்றால் சுவருக்கு அந்தப் பக்கமும் தரைக்குக் கீழேயும் ஆள் இருக்கிறார்கள் என்ற நினைப்போடு பழகுவது. இரவு 10.30க்கு மேல் சத்தம் கூடாது. பள்ளி, துணைப்பாடம், சாப்பாடு எல்லாம் முடிந்து நான் உட்காரும்போது பெரும்பாலும் அந்த நேரம் நெருங்கியிருக்கும். வலந்தலையில் ஒரு துண்டைப் போட்டு மூடி, காதில் இயர்போன் மாட்டி, கைபேசியில் மெட்ரோனோமை ஓடவிட்டு வாசிப்பேன். பல வருடங்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே கூட்டாளி அந்த ‘டிக் டிக்’தான். அது மூச்சு வாங்காது, பாடலை மறக்காது. நான் தப்பு செய்தாலும் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

போட்டிகளுக்குப் போனேன். போட்டியில் பாட்டு கிடையாது. பத்து நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். மோரா, கோர்வை, திஸ்ர நடை, கண்ட நடை என்று எல்லாவற்றையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடைத்துவிடுவேன். பரிசும் கிடைத்தது. மிருதங்கம் என்றாலே இதுதான் என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் கச்சேரி வர்ணத்தோடு தொடங்கியது. இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை நிலைபெறச் செய்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பார்கள். வர்ணத்தில் தொண்டையும் கையும் சூடேறும், பிறகு சின்னச் சின்ன உருப்படிகள், நடுவில் பெரிய பாட்டு, அதன் வாலில் தனி ஆவர்த்தனம். வர்ணம்வரை ஒழுங்காகத்தான் இருந்தேன். பெரிய பாட்டு ஆதி தாளம், சமத்திலிருந்து ஒன்றரை இடம் தள்ளி எடுப்பு. அவள் நிரவலில் ஒரு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடி மெல்ல மெல்ல விரித்துக்கொண்டிருந்தாள். இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் நான் எதையாவது போட்டு நிரப்பினேன். ஸ்வரத்துக்கு வந்தபோது இரண்டு தடவை அவள் தாளம் தடுமாறியது. நினைத்திருந்ததைவிடச் சீக்கிரமே முடித்துவிட்டு, தனிக்கு விட்டாள். தனி முடிந்ததும் நல்ல கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப்பேர் என் செட் நண்பர்கள்.

முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் அவளுடைய பாட்டி உட்கார்ந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் அவளிடம் தமிழில் ஏதோ கேட்டார். அவள் குனிந்து, “ஒண்ணுமில்ல ஆச்சி, கொஞ்சம் நெர்வஸ்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் வந்து, “தேங்க்ஸ்ணா” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த அரையாண்டு அவளுடைய இன்னொரு கச்சேரிக்கான சுவரொட்டி கேன்டீன் பக்கம் ஒட்டியிருந்தது. மிருதங்கம் என்ற இடத்தில் ஒரு முதலாம் ஆண்டுப் பையனின் பெயர். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கோபம் வந்தது. அந்தப் பையனின் கை எனக்குத் தெரியும். என் வேகத்தில் பாதிகூட வராது.

அன்றிரவு எம்ஆர்டியில் வீட்டுக்குப் போகும்போது பழைய பதிவைக் கேட்டேன். என் தனியை ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்தேன். பாட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்ஜினியரிங் படிக்கிறவன் அல்லவா, கைபேசியில் தட்டி வேகத்தை அளந்தேன். பாட்டு தொடங்கும்போது நிமிடத்துக்கு 66 அட்சரம். ஸ்வரம் முடியும்போது 84. அதாவது ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் ஓட முதலில் 7.3 விநாடி ஆனது, கடைசியில் 5.7 விநாடிதான். ஆவர்த்தனத்துக்கு ஒன்றரை விநாடியை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் மூச்சு விட வேண்டிய நேரம் அது. பதிவில் அவள் ஒவ்வொரு முறையும் அவசரமாக மூச்சை இழுப்பது தெளிவாகவே கேட்டது. மெட்ரோனோமோடு ஒரு மணி நேரம் பிசகாமல் வாசிப்பவன், ஒரு மனுஷியோடு பத்து நிமிடம் நிலையாக இருக்க முடியவில்லை.

பதிவை சாரிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். “பாட்டுக்கு வாசிக்கலடா நீ. பாட்டு மேல வாசிச்சிருக்க” என்றார். பிறகு, மூன்று மாதம் மிருதங்கத்தைத் தொடாதே, எங்காவது பாட்டு வகுப்பில் போய் உட்கார்ந்து தாளம் மட்டும் போடு என்றார்.

போய் உட்கார்ந்தேன். பத்து வயதுப் பிள்ளைகள் நடுவில் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கை காலியாக இருக்கும்போது காது வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு சங்கதி எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, அனுபல்லவிக்குப் போகும் முன் பாடுபவர் எங்கே மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். முன்பு அவரிடம் கோர்வைகளைத் தேடினேன். இப்போது அவர் எந்த இடத்தில் வாசிக்காமல் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். பக்கம் நிறைந்துவிட்டது.

பிறகு அவளைக் கோப்பிக்கடையில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“எப்படிண்ணா சொல்றது? நீங்க சீனியர். எனக்குத்தான் தாளம் நிக்கலன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் பாடவே இல்ல.”

இதைக் கேட்டபோது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. மேடையில் ஒருவர் கெடுத்ததை இன்னொருவர் தன் குறையாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கைதட்டலுக்கு இது கேட்பதில்லை.

இப்போது வேலைக்குப் போகிறேன். பம்புகளின் அதிர்வை அளப்பது என் பிழைப்பு. போன வருட நவராத்திரியில், கோயில் ஒன்றில் அவளுக்கு மீண்டும் வாசிக்கக் கூப்பிட்டாள். குளிர்சாதன அரங்குகளில் ஈரம் வற்றித் தோல் இறுகும், சுருதி ஏறும். கோயிலில் அந்தக் கதை தலைகீழ். மழைக்காற்றில் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை கல்லால் மூட்டைத் தட்டிச் சேர்த்தேன். அவள் காத்திருந்தாள்.

மூன்றாவது பாட்டின் சரணத்தில் ஒரு குழந்தை ஓடிவந்து மைக்கை இழுக்க, அவளுடைய தாளம் ஒரு விரல் நழுவியது. பழைய நானாக இருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வெறும் சர்வலகுவுக்கு வந்தேன். சமத்தை மட்டும் தொப்பியில் கொஞ்சம் அழுத்திக் காட்டினேன். வயலின்காரரும் புரிந்துகொண்டு அந்த வரியிலேயே நின்றார். இரண்டு ஆவர்த்தனத்தில் அவள் இடத்தைப் பிடித்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

முடிந்து சுண்டல் வாங்க வரிசையில் நின்றபோது, என்னைச் சிறுவயதிலிருந்து தெரிந்த மாமா ஒருவர் தோளைத் தொட்டார். “என்ன தம்பி, இன்னிக்கு வாசிப்பு ரொம்ப அடக்கமா இருந்துச்சு. உடம்பு சரியில்லையா?”

எனக்குப் பின்னால் நின்றிருந்தவள் சிரித்துவிட்டாள்.