நான்காவது மாதிரி

வியாழன் இரவென்றால் மஸ்கட்டிலிருந்து பாறசாலைக்குப் போன் போட்டாக வேண்டும். மறுநாள் விடுமுறை, அவசரமில்லாமல் பேசலாம். இந்த வாரம் அம்மா முதலில் சொன்னது ரத்தப் பரிசோதனை முடிவைத்தான். "மக்களே, ஐ.என்.ஆர். 2.8. டாக்டரு கொழப்பமில்லேன்னு சொன்னாரு." (எங்கள் எல்லையோரத் தமிழில் மலையாளம் தாராளமாகக் கலந்திருக்கும். சென்னைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

அம்மாவின் நெஞ்சில் 1999-லிருந்து செயற்கை வால்வு ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. நான் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. இறக்குமதி வால்வின் விலையைக் கேட்டதும் அப்பா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் வைத்தது அதைவிட விலை குறைந்த சித்திரா வால்வு. 'உள்ளூர்ச் சாமானா?' என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த உள்ளூர்ச் சாமானின் கதை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான், பொறியாளர் ஜி.எஸ். புவனேஷ்வர், அவர்களோடு ஒரு குழு. எழுபதுகளின் பிற்பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். ஆய்வகம் இருந்தது பூஜப்புரையில், திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பழைய அரண்மனை ஒன்றில். ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் ஒரு தட்டு, தைப்பதற்குச் சுற்றிலும் துணி. பார்க்க அவ்வளவுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் தடவை அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். லீவே கிடையாது!

முதல் மாதிரி டைட்டானியம். பற்றவைத்த இடம் பலவீனமாகி உடைந்தது. இரண்டாவதில் பற்றவைப்பே இல்லாமல் ஒரே துண்டாகக் கடைந்து, நீலக்கல் தட்டு போட்டார்கள். கல் உலோகத்தைத் தேய்த்துத் தின்றது. மூன்றாவதில் தட்டு அதேதான், உலோகத்தை மட்டும் கோபால்ட்-குரோமியக் கலவைக்கு மாற்றினார்கள். சோதனைக் கருவியில் தேறிவிட்டது. செம்மறியாட்டின் இதயத்தில் வைத்தபோது தட்டு உடைந்தது. நான்காவதில் உலோகம் அப்படியே இருக்க, தட்டு மாறியது, கடினமான ஒருவகை பாலிஎத்திலீனுக்கு. இதயத்துக்குள் பிளாஸ்டிக்! 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனிதருக்கு வைத்தார்கள். பிறகும் அவசரப்படவில்லை. ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு வைத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். சென்னையின் டிடிகே குழுமம் தொழில்நுட்பத்தை வாங்கி, திருவனந்தபுரத்திலேயே தயாரித்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தியாகிவிட்டது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இதையெல்லாம் படித்தபோது என்னை உறுத்தியது அந்த மூன்று தோல்விகள்தான். ஒவ்வொன்றும் அடுத்து எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் அரசாங்கப் பணம் அதற்குக் காத்திருந்திருக்கிறது.

நிற்க. 2006-ல் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கிளையில் நான் கடன் பிரிவு அதிகாரி. லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்தார். நம் பக்கத்துச் சின்ன ரப்பர் விவசாயிகளுக்கு சீட் அடிக்க இரண்டு ரோலர் வேண்டும், ஒன்று வழுவழுப்பு, ஒன்று வரி போட்டது. இரண்டும் வாங்க வசதியில்லாதவர்கள் கூலி கொடுத்துப் பக்கத்து வீட்டில் அடிப்பார்கள். இவர் இரண்டையும் ஒரே சட்டத்தில் அடக்கி, சின்ன மோட்டாரில் ஓட்டப் பார்த்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதலாவதில் ஷாப்ட் வளைந்தது, இரண்டாவதில் பல்சக்கரம் நழுவியது, மூன்றாவதில் சீட்டின் தடிமன் ஒரு பக்கம் கூடியது. எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார். நான்காவதற்கு ஒன்றரை லட்சம் கேட்டார்.

நான் மறுத்துவிட்டேன். 'தொழில்நுட்பச் சாத்தியம் நிரூபிக்கப்படவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். அவர் அந்த நோட்டைக் காட்டாமல், மினுக்கிய போட்டோ ஒன்றோடு வந்திருந்தால் அநேகமாகக் கொடுத்திருப்பேன். உண்மையைச் சொன்னதற்கு நான் போட்ட அபராதம் அது. அம்மாவுக்கு அப்போது வால்வு வைத்து ஏழு வருஷம். எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

மனைவியின் நகையை அடகு வைத்து நான்காவதைச் செய்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஓடியதாம். பதினோரு மெஷின் விற்றிருக்கிறார். 2011-க்குப் பிறகு ரப்பர் விலை சரிந்ததும் பலர் மரம் வெட்டுவதையே நிறுத்த, வியாபாரமும் நின்றது. 'அப்போ நீ கொடுக்காததுதான் சரி' என்று இங்கே ஒரு சக அதிகாரி சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரப்பர் விலை விழும் என்று நான் எங்கே எழுதினேன்?

போன வருஷம் லீவில் போனபோது பட்டறைக்குப் போனேன். இப்போது கேட், கிரில் வேலை நடக்கிறது. என்னை அடையாளம் தெரிந்து, "சாறே, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாயா வந்தது. கடன் பேச்சை அவர் எடுக்கவில்லை, எனக்கும் நாக்கு எழவில்லை. கிளம்பும்போது அந்த நோட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.